வெள்ளை விளக்கு எரியலியேம்மா!

போன இதழில் குக்கர் கேஸ்கெட்டைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்களுக்குக் குறைவே இல்லை. அதில் திருநெல்வேலியிலிருந்து ஒரு சகோதரி, "எப்போது பார்த்தாலும் மிக்ஸி, குக்கர், கிரைண்டர் என்று அடுக்களையையே சுற்றிச் சுற்றி வருகிறீர்களே, வாசலில் நிற்கிற காரும் வீட்டுச் சாமான்தானே? அதைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். சுருக்கென்று தைத்தது. தெரியாமல் இல்லை சகோதரி. தெரிந்ததை எழுதப் போனால், நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்? அதனால்தான் இத்தனை நாள் தயங்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில். கார் ஒன்றும் புதிதில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஆட்டோமேட்டிக் கியர். பணம் அதிகமாகிவிட்டது என்று அதை வாங்கவில்லை. எனக்கு இடது முழங்காலில் தேய்மானம். மாம்பலம் சந்துகளில் கிளட்சை மிதித்து மிதித்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும். எலும்பு டாக்டர், "ஒன்று காரை விடுங்கள், இல்லாவிட்டால் கிளட்சை விடுங்கள்" என்றார். நான் கிளட்சை விட்டேன்.

ஆட்டோமேட்டிக் ஓட்டாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இதில் கியர் லீவருக்குப் பக்கத்தில் பி, ஆர், என், டி என்று எழுத்துகள் இருக்கும். பி என்றால் நிறுத்திவைக்க, ஆர் என்றால் பின்னால் போக, என் என்றால் நியூட்ரல், டி என்றால் முன்னால் போக. லீவர் எந்த எழுத்தில் நிற்கிறதோ, அதே எழுத்து ஸ்டீயரிங்குக்கு எதிரே டாஷ்போர்டில் எரியும். ஆருக்குத் தள்ளினால் காரின் முதுகில் வெள்ளை விளக்கு எரியும். அவ்வளவுதான் சங்கதி. பத்து வருஷம் ஓட்டியும் எனக்கு இதற்கு மேல் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கார் ஒன்றரை நாள் பாதிச் சக்கரம் முழுக நின்றது. தண்ணீர் வடிந்ததும் மிதியடிகளை மொட்டைமாடியில் காயப் போட்டோம், எண்ணெய் மாற்றினோம், கார் கிளம்பிற்று. அப்பாடா என்று இருந்துவிட்டோம். அடியில், கியர் பெட்டியின் இடுக்கில் சேற்றுத் தண்ணீர் புகுந்திருக்கும் என்று யார் கண்டார்கள்?

பிப்ரவரியில் ஆரம்பித்தது. டாஷ்போர்டில் பி என்ற எழுத்து மினுக் மினுக்கென்று எரியும், அணையும். சில நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம்கூட இருக்காது. பக்கத்து வீட்டு மாமா, "பாட்டரி போயிடுத்து, மாத்திடு" என்றார். ஆனால் ஹார்ன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது, முன் விளக்கு பளிச்சென்று எரிகிறது. பாட்டரி போயிருந்தால் இதெல்லாம் மங்கிப் போயிருக்க வேண்டாமோ? ஒருநாள் எரிச்சலில் லீவரை இப்படியும் அப்படியும் ஆட்டி என்னில் வைத்துச் சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பிற்று! பியில் கிளம்பாத வண்டி என்னில் கிளம்புகிறது. இந்த ஒரு அடையாளத்தைச் சரியான ஆளிடம் சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. "என்னில் போட்டால் கிளம்புகிறது" என்று ஏதோ கெட்டிக்காரத்தனம் பண்ணினாற்போல ஓட்டிக்கொண்டிருந்தேன். குழாய் சொட்டினால் அடியில் வாளியை வைத்துவிட்டு மறந்துபோவோமே, அந்த மாதிரி.

அதே சமயத்தில் பின்னால் இருக்கிற வெள்ளை விளக்கும் எரியாமல் போயிற்று. அதை முதலில் பார்த்தவள் என் மருமகள். "அம்மா, ரிவர்ஸ் லைட் எரியலை" என்றாள். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பல்புதான் போயிருக்கும். பகல்லதானே வண்டி எடுக்கறா, என்ன அவசரம்?" என்றார். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

பிறகு என்னிலும் தகராறு பண்ண ஆரம்பித்ததும் ஒரு மெக்கானிக் பையனை வீட்டுக்கு வரவழைத்தேன். பானெட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டுப் பத்து நிமிஷம் என்னவோ பண்ணினான். "மாமி, இனிமே தொந்தரவே இருக்காது. டைரக்ட் குடுத்துட்டேன்" என்றான். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். வெள்ளை விளக்கு? "அது தனி வேலை மாமி, அப்புறம் பாத்துக்கலாம்." சாவியைத் திருப்பினேன். என்ன ஆச்சரியம், தொட்டவுடன் கிளம்பிற்று! டைரக்ட் என்றால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. அடுத்த வீட்டு மாமியிடம் அந்தப் பையனின் கைராசியைப் புகழ்ந்து வேறு பேசினேன்.

மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மணி ஆறே கால் இருக்கும். பேத்தியைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்து வர வேண்டும். காரைக் கிளப்பி ஆருக்குத் தள்ளினேன். கண்ணாடியில் பார்த்தால் கேட் பாதிதான் திறந்திருக்கிறது. பெட்ரோல் விற்கிற விலையில் எஞ்சினை எதற்கு ஓட விட வேண்டும் என்று அணைத்துவிட்டு இறங்கினேன். லீவர் ஆரிலேயே இருந்தது. அவசரத்தில் சாவியை எடுக்கவில்லை. எடுக்கப் பார்த்திருந்தாலாவது, பியில் இல்லாமல் சாவி வெளியே வராது என்பது ஞாபகம் வந்திருக்கும். போர்ட்டிகோ சமதளம், அதனால் கார் அசையாமல் நின்றது. ஹேண்ட் பிரேக்? போடவில்லை. எத்தனை தப்பு பாருங்கள், எல்லாம் ஒரே நிமிஷத்தில்!

கேட்டை நன்றாகத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதி உட்கார்ந்தும் உட்காராமலும், வலது கால் இன்னும் வெளியே இருக்கும்போதே சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் கிளம்பியதும் தெரியும், கார் பின்னால் போனதும் தெரியும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வாசலை உயர்த்தி, தெருவுக்குச் சரிவு போட்டிருந்தோம். கார் கேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்குகிறது, கதவு திறந்தே இருக்கிறது, பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் தரையில் இழுபடுகிறது. காலை உள்ளே இழுத்துப் பிரேக்கை அழுத்துவதற்குள் யாரோ "ஏய்... ஏய்..." என்று கத்துகிற சத்தம். பின்னால் எதன் மேலோ ஏறிக் கார் நின்றது.

எங்கள் சரிவின் அடியில், காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு பூக்கார அம்மா வெகு காலமாக உட்கார்ந்து பூக் கட்டுகிறாள். எழுபது வயதுக்குக் குறையாது. எதிர்ப்பக்கம் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர் ஓடி வந்து அவளைத் தோளோடு சேர்த்து இழுத்துவிட்டிருந்தார். பின் சக்கரம் பூக்கூடையின் மேல் நின்றது. அவள் கால் வைத்திருந்த இடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கி வைத்திருந்த மல்லிகை அத்தனையும் கூழாகி, தெரு முழுவதும் ஒரே வாசனை. அந்த வாசனை இப்போது வந்தாலும் எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது.

நான் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை. குழம்பிப்போனவளாகக் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வெள்ளை வெளக்கு எரியலியேம்மா. எனுக்குக் காது மந்தம்மா, வண்டி சத்தம் கேக்காது. ஒன் வண்டி வெள்ளை வெளக்கு எரிஞ்சா கூடையை நவுத்திக்குவேன். இப்பக் கொஞ்ச நாளா எரியறதே இல்ல. பகல்ல நீயே திரும்பிப் பாத்து ஓட்டறே, சரின்னு இருந்துட்டேன்."

இத்தனை வருஷமாக நான் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் கூடை நகர்ந்திருக்கிறது. ஏதோ தற்செயல் என்று நினைத்திருக்கிறேன். அந்த வெள்ளை விளக்கு நான் இருட்டில் பார்த்து ஓட்டுவதற்காக வைத்தது என்றுதான் என் எண்ணம். நான் வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். ஐந்து வாரமாக அது வாய் திறக்கவில்லை.

பூவுக்கும் கூடைக்கும் பணம் கொடுத்தேன். அதெல்லாம் ஒரு கணக்கா? அன்று இரவு எனக்கு ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. பேத்தியை மகன் போய் அழைத்து வந்தான். பதினோரு நாள் நான் சாவியைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் மருமகள் காரோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அது டாஷ்போர்டு அறையில் பார்க்கிங் சீட்டுகளுக்கும் பழைய மிட்டாய்க் காகிதங்களுக்கும் அடியில் கிடந்தது. "அம்மா, இதப் பாருங்கோ. பி, என் ரெண்டுல இருந்தால்தான் எஞ்சின் கிளம்பும்னு போட்டிருக்கு. நீங்க ஆர்ல வெச்சுத் திருப்பியிருக்கேள். கிளம்பியிருக்கவே கூடாதே!" என்றாள். அப்போதுதான் அந்தப் பையன் சொன்ன 'டைரக்ட்' என்ற வார்த்தை என் மண்டையில் உறைத்தது.

அசோக் நகர் பக்கம் ஆட்டோமேட்டிக் கியரிலேயே ஊறின ஒரு பெரியவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரை வரவழைத்தோம். அவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சைக் காட்டினார். "மாமி, கியர் பெட்டி பக்கவாட்டுல ஒரு சுவிட்ச் இருக்கு. லீவர் எங்க நிக்குதுன்னு கார் தெரிஞ்சுக்கறதே இதாலதான். டாஷ்போர்டுல எழுத்து எரியறது, பின்னால வெள்ளை லைட் எரியறது, பி, என் தவிர வேற எதுலயும் ஸ்டார்ட் ஆகாமத் தடுக்கறது, மூணு வேலையும் இதுதான் செய்யுது. சுவிட்ச் கெட்டுப்போச்சு, ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகலை. அவன் சுவிட்சை மாத்தாம ரெண்டு ஒயரையும் முறுக்கி விட்டுட்டான். இப்ப எந்தக் கியர்ல வெச்சுத் திருப்பினாலும் கிளம்பும். காவல்காரன் தூங்கறான்னு கதவையே கழட்டி வெச்ச மாதிரி" என்றார்.

இந்தச் சுவிட்சுக்குக் கடைக்கு ஒரு பெயர். நியூட்ரல் சுவிட்ச் என்பார்கள், இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்பார்கள், கியர் பொசிஷன் சுவிட்ச் என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

மாற்றுவதற்கு முன் பெரியவர் அவசரப்படவில்லை. அது எனக்குப் பிடித்தது. முதலில் பின் விளக்கின் பல்பைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. (இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!) ஃபியூஸைப் பார்த்தார், அதுவும் சரி. லீவரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகிற கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வருமாம். உள்ளே நாம் பியில் வைத்தாலும் அங்கே அது முழுதாகப் பிக்குப் போகாதாம். அதையும் பார்த்தார். கடைசியில்தான் சுவிட்சின் கப்ளரைப் பிடுங்கினார். உள்ளே ஊசி ஊசியாக இருக்கிற பின்களெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தன. நம் பாட்டி காலத்தில் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டால் பூக்குமே களிம்பு, அதேதான்! மிக்ஜாம் தண்ணீர் விட்டுப்போன சொத்து.

களிம்பைச் சுரண்டித் துடைத்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். சில சமயம் இதோடேயே சரியாகிவிடுமாம். எங்களுடையதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுவிட்சுக்கு உள்ளேயே தண்ணீர் இறங்கியிருந்தது.

சாமான் வாங்க மகனும் நானும் ஜி.பி. ரோடு போனோம். சென்னையில் கார் சாமானுக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு ஏது! கூப்பிடு தூரத்தில் புதுப்பேட்டை. பழைய வண்டியிலிருந்து கழற்றியது அங்கே கால் விலைக்குக் கிடைக்கும் என்று ஒரு கடைக்காரரே யோசனை சொன்னார். கதவு, பம்பர், கண்ணாடி என்றால் நானும் புதுப்பேட்டைக்குத்தான் போவேன். ஆனால் எந்த வெள்ளத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்ததோ தெரியாத சுவிட்சை, இத்தனை நடந்த பிறகு மாட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. புதிதே வாங்கினோம். எங்கள் வண்டிக்கு 3,400 ரூபாய் ஆயிற்று. வண்டிக்கு வண்டி விலை வேறுபடும். வாங்கப் போகும்போது பழைய சுவிட்சையோ, அதன் மேல் இருக்கிற எண்ணையோ கையில் கொண்டு போங்கள். ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் கப்ளர் மாறுகிறது.

மாற்றுகிற அன்றைக்கு நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் டார்ச் பிடித்தாள். கார் சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல். எஞ்சின் ஆறியிருந்தது. லீவரை என்னில் வைத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். எங்கள் காரில் அந்தச் சுவிட்ச் பாட்டரிக்கும் ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் எடுத்தால்தான் கை போகிறது. சில கார்களில் அடியிலிருந்துதான் எட்டுமாம். அதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கியர் பெட்டியிலிருந்து ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் அதில் தோசைக்கல் மாதிரி கோத்து உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் கேபிள் மாட்டுகிற ஒரு கை. அந்தக் கையின் நட்டைக் கழற்றி, இரண்டு போல்ட்டை எடுத்ததும் சுவிட்ச் வந்துவிட்டது. இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது.

ஆனால் சூட்சுமம் புதிதை மாட்டுவதில்தான் இருக்கிறது. போல்ட் போகிற துளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கிறது. அதனால் சுவிட்சைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பலாம். தண்டு சரியாக நியூட்ரலில் நிற்கும்போது, சுவிட்சில் போட்டிருக்கிற கோடும் தண்டோடு திரும்புகிற பள்ளமும் நேருக்கு நேர் வர வேண்டும். அப்படி வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் பியில் கிளம்பாது, அல்லது விளக்கு ஓரிடம் எரியும், எழுத்து வேறிடம் எரியும். பெரியவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். கோலத்தில் புள்ளி வைக்கிற கவனம்!

அதற்கப்புறம் அந்தப் பையன் போட்ட முடிச்சை அவிழ்த்து, ஒயரை நறுக்கிப் புதிதாக இணைத்துப் பழையபடி கப்ளரில் சேர்த்தார். இதைச் செய்யாமல் சுவிட்சை மட்டும் மாற்றியிருந்தால் வெள்ளை விளக்கு எரிந்திருக்கும், நாங்களும் சரியாகிவிட்டது என்று நம்பியிருப்போம். ஆனால் எந்தக் கியரிலும் கிளம்புகிற ஆபத்து அப்படியே இருந்திருக்கும். உங்கள் காரில் யாராவது எப்போதாவது 'டைரக்ட்' கொடுத்திருந்தால், சுவிட்ச் மாற்றுகிறவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

சோதித்துப் பார்ப்பதை என்னையே செய்யச் சொன்னார். காருக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வைத்துச் சாவியைத் திருப்பினேன். பியில் கிளம்பிற்று. ஆரில் மௌனம். என்னில் கிளம்பிற்று. டியில் மௌனம். ஒரு கார் கிளம்பாமல் இருந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பழைய சுவிட்சை அவர் திருகாணியால் நெம்பித் திறந்து காட்டினார். உள்ளே பித்தளைத் தடங்களின் மேல் ஒரு சின்ன நாக்கு நகர்கிறது. தடமெல்லாம் கறுத்து, ஓரம் தேய்ந்து போயிருந்தது. அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் தையல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் வீட்டு விஷயம். ஆட்டோமேட்டிக்கில் சுவிட்ச் மாற்றுகிற வேலையை நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோட்டைச் சேர்ப்பதற்குப் பழகின கை வேண்டும். ஆனால் நான் செய்த சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். பின்னால் வெட்டவெளியாக இருக்கிற இடத்தில், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் செய்யுங்கள். ஆரிலோ டியிலோ கிளம்பினால் அந்தக் கணமே அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கிளட்ச் இருக்கிற சாதாரண கியர் கார் என்றால் விஷயம் இன்னும் எளிது. அங்கே கியர் பெட்டியில் போல்ட் மாதிரி திருகியிருக்கிற ஒரு சின்ன ரிவர்ஸ் சுவிட்ச்தான் உண்டு; ரிவர்ஸ் போட்டால் உள்ளே அதன் மூக்கை அழுத்தும், விளக்கு எரியும். எரியாவிட்டால் முதலில் பல்பு (பெரும்பாலும் 21 வாட்), பிறகு ஃபியூஸ், அதற்கப்புறம் சுவிட்ச். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு, சுவிட்சுக்கு வருகிற இரண்டு ஒயர் முனைகளை ஒரு சின்னக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி. சோதனைக்குத்தான் இந்த இணைப்பு, கம்பியை உடனே எடுத்துவிட வேண்டும்! எஞ்சின் ஆறியதும் சுவிட்சைக் கழற்றினால் சில கார்களில் கொஞ்சம் கியர் எண்ணெய் ஒழுகும். ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள், ஒழுகினது எவ்வளவோ அவ்வளவைத் திரும்ப விட வேண்டும். புதிதைப் புது வாஷரோடு முதலில் விரலால் திருகி, பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். பெட்டி அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

தனியாக இருக்கும்போது வெள்ளை விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஆள் தேட வேண்டாம். சாயங்காலம் காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை மட்டும் போட்டு ரிவர்ஸில் வையுங்கள். கண்ணாடியில் பார்த்தால் சுவரில் வெள்ளை வெளிச்சம் விழும். சில கார்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வைத்திருப்பார்கள். உங்களுடையது எப்படி என்று புதிதாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் காரில் கேமரா இருக்கிறதே, பீப் பீப் என்று சத்தம் போடுகிறதே" என்று சிலர் கேட்பீர்கள். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கிற புதுக் கார்களில் பின்னால் சென்சார் கட்டாயம் என்று ஆகிவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்தச் சத்தமும் படமும் ஓட்டுகிறவருக்கு. பின்னால் உட்கார்ந்து பூக் கட்டுகிறவளுக்கு அந்த வெள்ளை வெளிச்சம் ஒன்றுதான். தவிர, கேமராவையும் சென்சாரையும் தட்டி எழுப்புவது அதே ரிவர்ஸ் கியர் சமிக்ஞைதான். லீவரைப் போட்டும் படம் வராவிட்டால், கேமராவைக் குறை சொல்லுமுன் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடுகிற கார்கள் தெருவுக்கு நாலு இருக்கும். தூக்கம் கெடுகிறதென்று நானே சபித்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காரை எடுத்தேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆருக்குத் தள்ளினேன். கண்ணாடியில் பார்த்தேன். பூக்கார அம்மா கையில் இருந்த சரத்தை விடாமல், காலாலேயே கூடையைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டாள். நான் கண்ணாடியை இறக்கியதும் கிட்டே வந்து, "இன்னாம்மா, ரொம்ப நாளா வண்டியையே காணோம்? வெளக்கு நல்லா எரியுது. மூணாவது வூட்டு டாக்டரு வண்டிக்கு முன்னல்லாம் ரெண்டு பக்கமும் எரியும், இப்ப ஒரு பக்கந்தான் எரியுது. நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீ சொல்லும்மா" என்றாள்.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன்.

"பல்புதான் போயிருக்கும் மாமி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.